லெனர்டின் கார்

“நடுவழியில நின்னுச்சுன்னா நான் இறங்கித் தள்ள மாட்டேன், டெஸ். இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் ஹிலரி.

“நிக்காது” என்றார் டெஸ்மண்ட். இந்த நான்கு வருடங்களில் மனைவியிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. போன தடவை நின்றபோது டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தவன், அவர் வாத்தியாராக இருந்தபோது அவரிடம் பூகோளத்தில் மூன்று முறை ஃபெயில் ஆனவன். வழிநெடுக அவருக்கு அவன் ஊர்ப்பெயர்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

இன்று கார் நிற்கவில்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தப் பச்சைத் திறந்த கார், ஜூன் வெயிலில் லட்லோ ஊரைத் தாண்டி, மிசஸ் வால்ஃபர்டின் பண்ணையை நோக்கிச் சமர்த்தாக ஓடியது.

மிசஸ் வால்ஃபர்டுக்கு எண்பத்து மூன்று வயது. வரும் வியாழக்கிழமை பண்ணையை விட்டுவிட்டு, கனடாவில் மகளோடு இருக்கப் போகிறார். அதற்குள் ஒரே ஒரு தடவை, இறந்துபோன கணவர் லெனர்டின் காரில் உட்கார்ந்து மேட்டுப் பாதையில் ஒரு சுற்று வரவேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் காரை டெஸ்மண்டுக்கு விற்கும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். “ஒரு வருஷம் போதும்” என்று டெஸ்மண்ட் அன்று மார்தட்டியிருந்தார்.

மார்தட்டுவதற்குக் காரணம் இருந்தது. பழைய கார் சங்கத்தின் மாதப் பத்திரிகையில், ஒரு காரைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடுவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர் அவர். சொந்தக் கார் வாங்கியதும்தான் எழுத்துக்கும் ஸ்பேனருக்கும் எவ்வளவு தூரம் என்று புரிந்தது.

கார் கிடந்த கிடப்பு அப்படி. பண்ணைக் கொட்டகையின் தரையிலிருந்து முட்செடி காரைத் துளைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. ஸீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. மிசஸ் வால்ஃபர்ட் கொடுத்த சாவி நுழையவே இல்லை, அத்தனை துரு. முட்டிவலியால் அவர் சமையலறையை விட்டு வரவில்லை. அதுவும் நல்லதுதான், முடிந்த பிறகே காட்டவேண்டும் என்று டெஸ்மண்ட் தார்ப்பாயைப் போட்டு மூடி, டிரெய்லரில் ஏற்றி வந்துவிட்டார்.

நல்லவேளையாக அதே கொட்டகையில், உதிரி பாகங்களுக்காக லெனர்ட் வாங்கிப் போட்டிருந்த நீல வண்டி ஒன்று இருந்தது. சக்கரம் இல்லை, பேட்டரி இல்லை. மரக்கட்டைகள் மேல், அழுக்குக் கிரீஸும் சாக்குமாகக் கிடந்தது. வேண்டியதை மற்ற வண்டியிலிருந்து கழற்றிக்கொள்ளலாம் என்று அந்த அம்மாளும் தாராளமாகச் சொல்லியிருந்தார். டெஸ்மண்ட் மாதாமாதம் போய்க் கழற்றினார். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், கடைசியில் ஸ்டீயரிங்கூட. எல்லாம் புத்தம்புதிதுபோல் இருந்தன. இப்போது அங்கே மிச்சமிருப்பது வெறும் கூடுதான்.

“இத்தனை நல்ல சாமானெல்லாம் அங்கேயே இருக்கறப்ப, இந்தத் தகரத்துக்கு ஏன் உயிரைக் கொடுக்கற?” என்று ஹிலரி ஒருமுறை கேட்டாள். உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அன்று சரியாகப் புரியவில்லை என்பதை வெளியில் சொல்லவில்லை.

மிசஸ் வால்ஃபர்ட் வாசலிலேயே காத்திருந்தார். தலையில் பட்டுத்துணி கட்டி, உதட்டுச்சாயம் பூசியிருந்தார். காரை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஹிலரி இறங்கிக் கைகொடுக்க, மெல்ல ஏறி உட்கார்ந்தார்.

மேட்டுப் பாதையில் கார் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. அவர் கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தார்.

“லெனர்டோட மோதிரம் உரசின தடம் அப்படியே இருக்குப்பா” என்றார். கண் கலங்கியிருந்தது.

அது உதிரி வண்டியின் ஸ்டீயரிங். வயதானவர், எதையோ நினைத்துக்கொள்கிறார், ஏன் கெடுக்கவேண்டும் என்று டெஸ்மண்ட் வாயை மூடிக்கொண்டார். நான்கு வருடக் கேலி, துரு, முதுகுவலி எல்லாவற்றுக்கும் இந்த ஒரு நிமிடம் போதும் என்றிருந்தது.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தியதும் அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு பாடுபட்டிருப்ப, டெஸ்மண்ட். ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?”

“கேளுங்க, மிசஸ் வால்ஃபர்ட்.”

“நான் கேட்டது லெனர்டோட காரை. நீ எதுக்கு இதைச் சரிபண்ணின? இது உதிரிக்காக வாங்கிப் போட்டதாச்சே.”

டெஸ்மண்ட் சிரிக்க முயன்றார். “இல்லீங்க. உதிரி வண்டி அந்த நீலம். கட்டை மேல நிக்குதே, அது.”

“நீலம்தான்பா அவரோடது. குளிர்காலம் வந்தா டயர் கெட்டுடக் கூடாதுன்னு கட்டை மேல ஏத்தி, கிரீஸ் தடவி, சாக்குப் போட்டுச் சுத்தி வைப்பார். அந்த வருஷமும் வச்சார், வசந்தம் வரைக்கும் அவர்தான் இருக்கல.”

வாசலில் காத்திருந்த ஹிலரி திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

“போகட்டும் விடு. இந்தக் குப்பையையே ஓட வச்சவனுக்கு அது ஒரு வேலையா?” என்று அந்த அம்மாள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். “வியாழக்கிழமைக்குள்ள அதுல ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிடுப்பா. சக்கரம் நாலும் என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு, மாட்டினா போதும்.”