பலாவடிப் பெட்டி

பீப்... பீப்.

முப்பத்தைந்து வருசமாகியும் அந்தச் சத்தம் அருமைநாயகியின் காதைவிட்டுப் போகவில்லை. லண்டனிலிருந்து தமையன் அனுப்பிய, தானாகவே செஸ் விளையாடுகிற மெசின். பக்கத்து வீட்டுத் தியாகலிங்கம் பின்னேரங்களில் வந்து அதோடு விளையாடித் தோற்பார்.

"பிள்ளை, உன்ரை மெசின் இண்டைக்கும் என்ரை ராணியை விழுங்கிப்போட்டுது!"

தொண்ணூறில் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தபோது, வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஓடினாள். கடைசி ஆளாக அவர் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார். மெசின் வரவில்லை.

"அதை எங்கை வித்தனீங்கள் அண்ணை?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தணித்தார். "ஊருக்குப் போனால் தெரியும், பிள்ளை."

அது கள்ள முழி என்றே அவளுக்குப் பட்டது. தண்ணீர் வரிசையில், எல்லாருக்கும் கேட்க, "கள்ளன்" என்றாள். அதோடு கதைபேச்சு இல்லை.

இப்போது, ஆமி இத்தனை வருசம் பிடித்து வைத்திருந்து விட்ட காணியில், பட்டுப்போன பலாவடியில் மகன் நிருஷன் புதுக் கன்று வைக்கக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டி 'டங்' என்றது.

"அம்மா, கிட்ட வராதேங்கோ!"

தகரப்பெட்டி. கறள் தின்ற ஓட்டையால் வயர் தெரிந்தது.

பொலிசும் குண்டு எடுக்கிற ஆட்களும் வந்தார்கள்.

"யாருடைய காணி?"

"எங்கடை" என்றான் நிருஷன்.

அதிகாரி அவனுடைய அடையாள அட்டையை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். அருமைநாயகி மகனுக்கு முன்னால் போய் நின்றாள். இப்படி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போன எத்தனை பேர் திரும்பி வரவில்லை.

"ஐயா, என்ரை பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது! தியாகலிங்கமெண்டு ஒரு கள்ளன். கடைசியாய் ஊரை விட்டவன் அவன்தான். அவன்தான் தாட்டிருப்பான்!"

"அவர் இப்ப எங்கே?"

"தெரியாது."

நிருஷன் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

தூரத்தில் நின்று கயிற்றால் இழுத்தார்கள். மூடி கழன்றது. வெடிக்கவில்லை. பொலித்தீனுக்குள் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள், சுருட்டிய வயர், நாலாய் மடித்த கடதாசி.

நிருஷன் வாசித்தான்.

"அருமைநாயகி பிள்ளைக்கு, வழியிலை ஆமி பிடிச்சால் இதைக் குண்டெண்டுதான் சொல்லுவாங்கள். அதாலை தாட்டுப்போட்டு வாறன். பற்றறியைக் கழட்டிப்போட்டன், கசியும். தியாகலிங்கம்."

அதிகாரி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல மனுசன். எங்கே எண்டு உண்மையாகவே தெரியாதா, அம்மா?"

அவள் கடதாசியை மகனிடம் வாங்கி, பழையபடி நாலாய் மடித்தாள்.

தியாகலிங்கம் முகாமிலேயே செத்து இரண்டு வருசம். செத்தவீட்டுக்கு அவள் போகவில்லை.