அள்ளிய இடம்

இன்றைக்கும் யாரோ அள்ளியிருந்தார்கள்.

குழி முழுக்கப் பச்சை. வேலியோர மூலையில் மட்டும் இரண்டு கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது.

பாவாத்தாள் குனிந்து பார்த்தாள். கோழிக்கால் தடம் இல்லை. தவளை இதைத் தின்னாது.

மனுசக் கைதான்.

மாட்டுத் தீவனத்துக்காகத் தண்ணீரில் மிதக்கவிட்ட அந்த அசோலாச் செடியை அவளே இன்னும் தொடவில்லை. சினைமாடு ஈன்றதும் போடலாம் என்று சேர்த்து வைத்திருந்தாள். மாட்டாஸ்பத்திரிப் பயிற்சியில் ஒரு பொட்டலம்தான் தந்தார்கள். விதை கிடையாது, பூ கிடையாது. ஒன்று உடைந்தால் இரண்டு. இரண்டும் உடைந்தால் நான்கு. அப்படியே குழியை மூடிவிட்டது.

காலையில் தெரியும் தண்ணீரும் சாயங்காலத்துக்குள் மூடிக்கொள்ளும்.

அதனால் திருட்டு இல்லை என்று ஆகிவிடுமா?

வேலிக்கு அந்தப் பக்கம் ரத்தினாவின் வீடு. எட்டுக் கோழி வளர்க்கிறாள். கொஞ்ச நாளாக அந்தக் கோழிகளின் இறகில் ஒரு மினுமினுப்பு. ரத்தினா சிரித்தால் பாவாத்தாள் இப்போதெல்லாம் பதிலுக்குச் சிரிப்பதில்லை.

அன்றே குழியின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டினாள். சுற்றிலும் கல் வைத்தாள்.

மறுநாள் யாரும் அள்ளவில்லை. அடுத்த நாளும் இல்லை. பச்சை தடித்தது. பார்க்கப் பார்க்க வயிறு நிறைந்தது.

பன்னிரண்டாம் நாள் நடுவில் சிவந்தது. அதற்கு மறுநாள் பழுப்பு. வலையைத் தூக்கினால் செத்த எலி நாற்றம்.

ரத்தினா மருந்தை ஊற்றிவிட்டாள்!

பாவாத்தாள் வேலிக்கு ஓடினாள்.

"என்ற குழியில என்னத்தடி ஊத்துன?"

ரத்தினா தவிட்டுக் கையோடு நிமிர்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஒன்னும் ஊத்தலீங்கக்கா. தெனமும் அள்ளோணுமுங்க. அள்ளாம உட்டா ஒன்னுமேல ஒன்னு ஏறி, மூச்சு முட்டிச் செத்துப் போயிருமுங்க."

பயிற்சியில் அதையும் சொல்லியிருப்பார்கள். பாவாத்தாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாதியில் எழுந்து வந்திருந்தாள்.

ரத்தினாவின் காலடியில் விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் தொட்டி. அதில் பச்சை. ஒரு ஓரம் அள்ளிய பச்சை.

"உங்க குழியில கடைசியா எடுத்தத இதுல போட்டு வெச்சனுங்க."

அது யாருடையது என்று கேட்க வாயெடுத்தாள் பாவாத்தாள்.

அதற்குள் ரத்தினா ஒரு டப்பா நிறைய அள்ளி முள்வேலிக்கு மேலே நீட்டினாள். கேட்காமலே.

ஏன் இவ்வளவு சுளுவாகத் தருகிறாள்?

வாங்கிக்கொண்டு நாலடி நடந்ததும் மோந்து பார்த்தாள். விரலால் கிளறினாள். அடியில் வேர் மயிர்மயிராகத் தொங்கியது. சேற்று வாசனைதான்.

அழுகியதை வாரிக் கொட்டி, குழியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டுச் சாணி கரைக்க உச்சி ஆகிவிட்டது. டப்பாவைக் கவிழ்த்தாள். அவ்வளவு பெரிய குழியில் அது ஒரு தட்டளவுதான் இருந்தது.

கொசுவலையை மறுபடி கட்டவில்லை; சுருட்டி ஓரமாக வைத்தாள்.

பிறகு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கொடுத்துவிட்டும் வேலியோரத்திலேயே நின்றாள்.

"ஏம்புள்ள ரத்தினா, காத்தால எத்தன மணிக்கு அள்ள வருவே?"