ஒரு கைப்பிடிக் கரி

புடவையில் வாசமில்லை.

மூக்கை இன்னும் அழுத்திப் பார்த்தார். மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். முந்தானை, கொசுவம், தோளில் பட்ட இடம்.

வெறும் துணி.

போன மாதம் இருந்ததே!

மனைவி துளசிமணி போய் ஏழு மாதம் ஆகிறது. காரியம் முடிந்த கையோடு மகள் அம்மாவின் துணிகளையெல்லாம் துவைத்து, கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். கடைசியாகக் கட்டியிருந்த இந்த ஊதாப் பூப்போட்ட புடவையை மட்டும் அவர் துவைக்கக் கொடுக்காமல் ஒளித்து வைத்துக்கொண்டார். மாவு மில் நடத்தியவள். அரைத்த மல்லியும் முகப்பவுடரும் வேர்வையும் கலந்து அதில் இருந்தது புடவை வாசமா என்ன? அது அவளேதான்.

அடிக்கடி திறந்தால் போய்விடும் என்று பீரோவை மாதம் ஒருமுறைதான் திறப்பார். முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில், பல்கூடத் தேய்க்காமல். பேஸ்ட் வாசம் குறுக்கே வந்துவிடக் கூடாதாம்.

அத்தனை பத்திரமாக வைத்திருந்தது எங்கே போயிற்று?

பீரோவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

மூலையில் ஒரு துணி முடிச்சு உட்கார்ந்திருந்தது.

அட மடையா!

போன மாதம் அவர்தான் வைத்தார். ஐப்பசி மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறியது. புடவை பூஞ்சணம் பிடித்துவிடுமோ என்று பயந்துபோய், கம்பெனியிலிருந்து ஒரு கைப்பிடிக் கரி கொண்டுவந்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்தார்.

காங்கயம் பக்கத்தில் கொட்டாங்கச்சியைக் கரியாக்கி, அதில் கொதிக்கிற ஆவியைப் பாய்ச்சித் துளை போடுகிற கம்பெனி. தண்ணீர் சுத்தம் பண்ணவும் கெட்ட வாடை போக்கவும் அந்தக் கரி கப்பலேறிப் போகும். இருபத்தாறு வருடமாக அதைச் சோதித்துத் தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. வேறு யாராவது என்றால் கைக்கு அகப்பட்ட கரியை வைத்திருப்பார்கள். இவர் முதல் தரமாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கிறார்.

அந்தக் கையை ஒடித்துப் போட்டால் என்ன என்றிருந்தது.

கல்யாணமான புதிதில் அவளுக்குப் பெருமையாக விளக்கியிருக்கிறார். கரிக்குள்ளே பெரிய துளை இருக்கிறதே, அது மெயின் ரோடு. அதிலிருந்து பிரிகிற நடுத்தரத் துளை வீதி. அதற்கும் உள்ளே, கண்ணுக்கே தெரியாத பொடித் துளைதான் வீடு. வாசம் ரோட்டில் வந்து, வீதியில் திரும்பி, வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் லேசில் எழுந்திருக்காது.

கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

“ஏனுங், அப்ப என்ற வாசத்தையும் புடிச்சு வெச்சுக்குமாக்கு உங்க கரி?”

புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சட்டென்று எழுந்தார்.

சூடு காட்டினால் கரி பிடித்ததை விட்டுவிடும். கம்பெனியில் தினமும் பார்க்கிறதுதானே!

சமையலறை ஜன்னலைச் சாத்தினார். முடிச்சை அவிழ்த்து இரும்பு வடைச்சட்டியில் கொட்டினார். அடுப்பைச் சின்னதாக வைத்துக் குனிந்து நின்றார்.

முதலில் அந்துருண்டை நெடி வந்தது.

பிறகு ஈரச் சுவரின் வாடை. ரோடு காலியாகிறது, இனி வீதி என்று நினைத்துக்கொண்டார்.

அவள் கடைசியில்தான் வருவாள். எந்தக் கல்யாணத்துக்கும் ஊரே வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே வருகிறவள் ஆயிற்றே.

நின்றார். முகத்தில் அனல் அடித்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வா, வந்துவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

ஏதோ ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. மல்லியா? மல்லி மாதிரிதான்.

மூச்சை இழுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

வருவாள். ஒரு மூச்சு. மிஞ்சிப் போனால் இரண்டு.

அதற்கப்புறம்?

கரியும் காலி. புடவையும் காலி. வீடு ஏற்கெனவே காலி.

பதறிக்கொண்டு அடுப்பை அணைத்தார். அவள் மில்லுக்குச் சோறு கொண்டுபோன எவர்சில்வர் டப்பா மேல்தட்டில் இருந்தது. கரியை அதில் சரித்தார். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. மூடியை உள்ளங்கையால் அடித்து இறுக்கினார்.

“உள்ளயே இருந்துக்க புள்ள” என்றார்.

கை சுட்டது. தோளில் கிடந்த புடவையால் டப்பாவைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மடியில் புடவை கதகதப்பாக இருந்தது.

அது ஆறும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.