பலாப்பழ வழக்கு

"இங்க பேசுறது இந்த ரூமை விட்டு வெளியே போகாது. மனசுல உள்ளதைத் தைரியமாச் சொல்லுங்க" என்றாள் ஃபெமினா.

புதுக்கோட்டை கோர்ட் வளாகம். சமரச மையத்தின் சின்ன அறை. மீடியேட்டர் நாற்காலியில் அவள், மேசைக்கு எதிர்ப்பக்கம் லியோன் வாத்தியார். அவர் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. கணவன் மனைவியைத் தனித்தனியே கேட்பதும் அங்கே வழக்கம்தான்.

"சொல்ல என்னங்க இருக்கு? இன்னைக்குத்தான் கடைசி. ஒத்து வரலைன்னா டைவர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

எத்தனையோ ஜோடிகளை இதே அறையிலிருந்து சேர்த்து அனுப்பியவள் ஃபெமினா. ஆனாலும் இந்த ஒரு குடும்பம் உடைந்துவிடக் கூடாதே என்று காலையில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

அவள் ஒன்றும் பிறவி மீடியேட்டர் இல்லை. இருபது வருஷம் வழக்கு நடத்திய வக்கீல். அம்மாடி, அது என்ன வாய்! குறுக்கு விசாரணைக்கு அவள் எழுந்தாலே கூண்டில் நிற்கிற ஆள் தண்ணீர் கேட்பான். அண்ணன் தங்கை சொத்து வழக்கு ஒன்றில் தங்கையைக் கேள்வியாலேயே குதறி, அண்ணனுக்கு ஜெயித்துக் கொடுத்தாள். தீர்ப்பு வந்த அன்று அந்த அண்ணன் அய்யாக்கண்ணு, கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து, "இனிமே என் தங்கச்சி என் வீட்டுப் படியேற மாட்டாளே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெயித்த மனுஷன் அழுததை அவளால் தாங்க முடியவில்லை. வழக்கு நடத்துவதை விட்டுவிட்டுப் பயிற்சி எடுத்து மீடியேட்டர் ஆனாள். கறுப்பு அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம், நாக்கை எங்கே மாட்டுவது?

"எதுல ஆரம்பிச்சது?" என்று கேட்டாள்.

லியோன் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "பலாப்பழத்துல, மேடம்."

"பலாப்பழமா?"

"வீட்ல பலாப்பழம்னா உசுரு. ஸ்கூல் விட்டதும் ஆலங்குடி வரைக்கும் போயி, தட்டித் தட்டிப் பார்த்து நல்லதா ஒண்ணு வாங்கி, தோள்ல வச்சுத் தூக்கிக்கிட்டு வந்தேன். பழத்தைக் கீழ கூட வைக்கலைங்க. எங்க போனீங்க, எந்த பஸ்சு, கூட யாருன்னு ஆரம்பிச்சாச்சு."

ஏன் ஒரு போன் பண்ணிச் சொல்லவில்லை என்ற கேள்வி ஃபெமினாவுக்கு நுனி நாக்கு வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"பழத்துக்காகத்தான் போனேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல விட்டாத்தானே? அன்னைக்கு மட்டுமா? தெனமும் பதில் சொல்லியே அலுத்துப் போச்சுங்க."

"அந்தப் பழம் என்ன ஆச்சு?"

"யாரும் வெட்டலை. ரெண்டு நாள் வீடெல்லாம் மணந்துச்சு. அப்பறம் அழுகி, குப்பைக்குப் போச்சு. நானும் ஆவூருக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்."

ஃபெமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மீடியேட்டர் அழக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேட்டா வீட்டுக்குத் திரும்பி வருவீங்களா?"

லியோன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை வருஷமாக் கேட்டதெல்லாம் கேள்விதான். மன்னிப்புன்னு ஒண்ணு கேட்டதே கெடையாது. கேக்கட்டும், பார்ப்போம்."

கதவைத் தள்ளிக்கொண்டு வக்கீல் அன்புச்செல்வி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "பொன்னமராவதி பஸ் பிரேக் டவுனுங்க" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த ஃபைலை மேசையில் வைத்தவள், நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஃபெமினா மேடம், பழக்க தோஷத்துல என் சேர்ல உட்கார்ந்துட்டீங்களே! இந்தக் கேஸுக்கு நான்தானே மீடியேட்டர்? எந்திரிச்சு அங்கிட்டு, உங்க வீட்டுக்காரர் பக்கத்துல போயி உட்காருங்க."

ஃபெமினா எழுந்து போய், உட்காருவதற்கு முன்பே "என்னை மன்னிச்சிருங்க" என்றாள். லியோன் அந்தக் காலி நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டார்.