இரண்டு ஏக்கர் சர்ப்பகந்தி

சர்வே எண் காட்டிய இடத்தில் பாறைதான் இருந்தது.

சின்னப் பாறையும் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போடலாம். அதன் மேல் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கோழி வந்து கொத்திப் பார்த்து, பிடிக்காமல் போய்விட்டது.

சாகுபடிச் சான்றிதழின்படி, இந்த இடத்தில்தான் இரண்டு ஏக்கர் சர்ப்பகந்தி மூலிகை விளைந்திருக்க வேண்டும்.

ஓம்பிரகாஷுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மூன்று பேர் குழுவில் அவன் இரண்டாவது ஆள். முதல் ஆள், வனத்துறையிலிருந்து மாறி வந்த விமலா மேடம். அவர் செய்த காரியம் அப்படி.

தூத்துக்குடியில் கப்பலேறக் காத்திருந்த கன்டெய்னரை, கொல்லிமலையில் ஏறிப் பார்க்கும் முன்பே, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் நின்றபடி ஒரே போனில் நிறுத்திவிட்டார். உள்ளே மூன்று டன் சர்ப்பகந்தி வேர். தோட்டத்தில் விளைந்தது என்றால் வெளிநாட்டுக்குத் தாராளமாகப் போகலாம். காட்டில் பிடுங்கியது என்றால் ஒரு துண்டு போகக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

தோட்டம் உண்மையாகவே இருந்து தொலைத்தால்? கம்பெனிக்காரன் டெல்லி வரைக்கும் போவான்.

ஏறி வரும் வழியில், ஒரு வளைவில் ஜீப் திணறியபோது கேட்டேவிட்டான்.

"பாக்காமயே நிறுத்திட்டீங்களே மேடம்?"

"தோட்டம் இருக்காதுங்க ஓம்பிரகாஷ்" என்றார். அதோடு சரி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது பாறை. குழுவின் மூன்றாவது ஆள் ஜாஸ்மின் நாலா பக்கமும் நின்று அதைப் படம் எடுத்தாள். இப்படி ஒரு மேலதிகாரியிடம் வேலை பார்ப்பதில் ஓம்பிரகாஷுக்குப் பெருமையாகவே இருந்தது.

காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு பெண் வேகமாக வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் சென்னம்மாள். பாறை அவள் பட்டாவில் இருந்தது. சான்றிதழில், பயிர் செய்தவர் என்ற இடத்தில் இருந்ததும் அவள் பெயர்தான்.

ஓம்பிரகாஷ் அவளிடம் சுற்றி வளைக்கவில்லை. எங்கோ காட்டில் பிடுங்கிய வேர் உன் பெயரில் வெளிநாட்டுக்குப் போகிறது, வழக்கில் முதல் பெயர் உன்னுடையதாகத்தான் இருக்கும், ஜாமீன் கிடைப்பதும் கஷ்டம் என்று சொன்னான்.

அவள் மிளகின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாத்துக் குடுப்பாங்கன்னு கைநாட்டு வாங்கிட்டுப் போனாங்க சாமி. அஞ்சு வருசமாச்சு. ஒரு நாத்தும் வரலீங்க. அந்த வேரு கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

மாட்டியவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்கே பட்டது. பட்டு என்ன செய்வது? பட்டா இருக்கிறது, கைநாட்டு இருக்கிறது. அரசாங்கச் சான்றை நம்பித்தான் வாங்கினோம் என்று கம்பெனி கையை விரித்துவிடும். கடைசியில் உள்ளே போகப்போவது இவள்தான். நினைக்கவே அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"ஆபீசர் யாராச்சும் வந்து பாத்தாங்களா?" என்று கேட்டான்.

சென்னம்மாள் வாய் திறப்பதற்குள் பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"யாரும் வரலை" என்றார் விமலா மேடம்.

இன்று செவ்வாய்க்கிழமை என்று சொல்வதுபோல் சொன்னார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சென்னம்மாளுக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார். அவள் தோளைத் தொட்டு, "நீங்க ஊட்டுக்குப் போலாம். எப்பக் கூப்பிட்டாலும் வந்து நடந்ததைச் சொல்லணும், அவ்வளவுதான்" என்றார்.

சென்னம்மாள் போகவில்லை. நம்பினால்தானே போவதற்கு.

"எழுதுங்க" என்றார் மேடம். "இந்தம்மா சாட்சி. குற்றவாளிகள்ல முதல் பேரு, நேர்ல பாக்காம சான்று குடுத்த அதிகாரி. ரெண்டாவது கம்பெனி."

ஓம்பிரகாஷுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒன்பது வருட சர்வீஸில், நாற்காலியில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்ட ஒருவனையாவது முதல் பெயராக எழுதியதுண்டா? அந்த ஆசாமியைச் சும்மா விடக் கூடாது, பென்ஷன்கூட வரக் கூடாது என்றான்.

"விட மாட்டோம்" என்றார் மேடம். "அறிக்கையில கையெழுத்து நீங்க போடுங்க. இன்னையிலிருந்து இந்தக் கேஸுக்கு நீங்கதான்."

முழுப் பெருமையையும் தூக்கித் தனக்குத் தருகிறாரே என்று அவன் நெகிழ்ந்துபோனான்.

பேனாவைத் திறந்து, "அந்த ஆபீசர் பேருங்க மேடம்?" என்றான்.

அவர் கைப்பையிலிருந்து சான்றிதழின் நகலை எடுத்துக் கொடுத்தார். நேற்று துறைமுகத்திலிருந்து நேராக அவருக்கு வந்தது. சர்வே எண்ணையும் பெயரையும் வாயால் சொன்னாரே தவிர, நகலை அவன் இதுவரை பார்த்ததில்லை.

வனத்துறைத் தலைப்பு. ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. 'நேரில் சென்று பார்வையிட்டேன்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அவனுடைய லீவு லெட்டர்களில் எல்லாம் 'அனுமதிக்கப்பட்டது' என்பதற்குக் கீழே இருக்கும் அதே கையெழுத்து.

பேனா நகரவில்லை.

மேடம் எழுந்து நின்று, சேலையில் ஒட்டியிருந்த மிளகைத் தட்டிவிட்டார். முகத்தில் காலையில் இருந்த அதே தெளிவு.

"எழுதுங்க ஓம்பிரகாஷ். கொல்லிமலைக்கு நான் வர்றது இன்னைக்குத்தான் முதல் தடவை."