இரண்டாவது குழாய்

நாற்பத்தொன்று என்று திரையில் எண் வந்ததும் அவள் கைகொட்டிச் சிரித்தாள். "மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

வரவேற்பு மேசையிலிருந்து தோழி ஓடி வந்தாள். கெட்டுப்போன மெஷினுக்காக இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷியை அவர்கள் வேலை பார்க்கும் அந்த ரத்தப் பரிசோதனைக்கூடம் பார்த்ததில்லை. காலையில் முதல் குழாயின் எண்ணைப் பார்த்துவிட்டு அழுதவளும் இவள்தான்.

முதல் குழாய் அவள் கணவருடைய ரத்தம். நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். கட்டி சுருங்கினால் இறங்கும், வளர்ந்தால் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்த அந்த எண், அறுபது, முப்பத்தொன்று, பதினான்கு என்று மாதாமாதம் இறங்கி வந்தது. இன்று தொண்ணூற்றாறு.

மெஷினைச் சரிபார்க்கக் கம்பெனி தரும் திரவம் நேற்றே தீர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட நாளில் நோயில்லாத ஒருவருடைய ரத்தத்தைப் போட்டுப் பார்ப்பது அங்கே நெடுநாள் பழக்கம். ஐந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மெஷின் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போன் போட்டாள். "என்னங்க, பயப்படாதீங்க. மெஷின்லதான் கோளாறு. வயிறாரச் சாப்பிடுங்க." பேசி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

"புருஷன் இருமுறாருன்னு நீயும் கூடவே இருமணுமா? நல்ல ஜோடிடி!" என்றாள் தோழி.

மத்தியானம் மெக்கானிக் புதுத் திரவத்தோடு வந்தார். மூன்று முறை ஓட்டினார். கம்பெனி குறித்திருந்த எண் இம்மி பிசகாமல் வந்தது. பிறகு அந்த இரண்டு குழாய்களையும் மறுபடி போட்டார். தொண்ணூற்றாறு. நாற்பத்தொன்று.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் அந்த மனுஷர் இந்நேரம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

"மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லைம்மா" என்றார் மெக்கானிக், கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே. "ரெண்டாவது ரத்தம் யாரோடதோ, அவங்களையும் உடனே டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க."

அவள் பஞ்சை மெல்ல உரித்தெடுத்தாள்.

"நானும் போய்ப் படுத்துட்டா, அவரை யாருங்க பாத்துக்குவாங்க?"