பதினேழாம் எண் ஸ்ப்ரே

அமெரிக்காவின் மொன்டானாவில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் என் கடை. கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயை வாடகைக்கு விடுகிறேன். திரும்பி வரும் டப்பாவைத் தராசில் வைப்பேன். எடை குறைந்திருந்தால் யாரோ ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் கணவன் கிளைட் பதினேழாம் எண் டப்பாவை முதுகுப்பையில் திணித்துக்கொண்டு மலையேறிப் போய் ஆறு வருடமாகிறது. டப்பாவோ ஆளோ கிடைக்கவில்லை என்றார்கள் தேடிப் போனவர்கள்.

ஆனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் பதினேழாம் எண் டப்பா கடை வாசலில், வாடகை டப்பாக்களைத் திருப்பிப் போடும் பெட்டியில் கிடக்கும். எடை போன வருடத்தைவிடக் குறைந்திருக்கும். சாயங்காலம் அதை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். காலையில் இருக்காது.

"ஃபாரஸ்ட் ரேஞ்சர்கிட்ட சொல்லேன்" என்றாள் கடையில் என்னோடு வேலை பார்க்கும் மார்லா.

"சொன்னா டப்பாவ எடுத்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் அவன் எத வச்சு சமாளிப்பான்?"



இந்த வருடம் வந்தது காலி டப்பா. புதிதாக ஒன்றை எடுத்து அதில் பதினேழு என்று எழுதினேன். இடுப்பில் மாட்டும் உறையோடு ஆணியில் தொங்கவிட்டேன்.

"பையில போடாத, கிளைட். ஜிப்ப தொறக்கறதுக்குள்ள கரடி மேல வந்துரும். இடுப்புல மாட்டு. எத்தனை தடவதான் சொல்றது?" என்றேன். வாசலில் யாரும் இல்லை.

காலையில் ஸ்ப்ரேயும் இல்லை, உறையும் இல்லை. ஆணியில் கிளைட்டின் பை தொங்கியது. முதுகில் படும் பக்கம் வேர்வையில் நனைந்து, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.